ஒரு பொத்தானுக்கு எவ்வளவு அதிகாரம்?

மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்து அரிசி ஆலைகளுக்கு சர்வர் அமைத்துக் கொடுக்கிறேன். தை மாதம் சம்பா அறுவடையில் நெல் லாரிகள் வரிசைகட்டும்போது எடைமேடை மென்பொருள் நின்றுவிட்டால், யாரும் எனக்காகக் காத்திருக்க முடியாது. ‘பிரவுசரில் ஒரு பொத்தான் வையுங்கள், நாங்களே மறுபடி இயக்கிக்கொள்கிறோம்’ என்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் அதற்கு ரூட் அதிகாரம், அதாவது சர்வரில் எதையும் செய்யக்கூடிய உச்ச அதிகாரம் வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இணையப் பக்கங்களை இயக்கும் பயனர் கணக்குக்கு அது கிடையாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

சாதாரணப் பயனரும் கட்டளைகளை ரூட் அதிகாரத்தோடு இயக்க அனுமதிக்கும் நிரல் சுடோ. அவசரத்தில் பலர் அந்த இணையப் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாமலே எல்லாக் கட்டளைகளையும் சுடோவில் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிறகு இணையதளத்தில் ஏதோ ஒரு பழைய பிளகினில் (கூடுதல் வசதிக்கான துணை நிரலில்) ஓட்டை இருந்தாலும் போதும், விவசாயிகளின் வங்கிக் கணக்கு விவரம் உட்பட மொத்த சர்வரும் அடுத்தவன் கைக்குப் போய்விடும். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பான ஸ்கிரிப்டுக்கு, யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் செட்யூஐடி குறியை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஸ்கிரிப்டில் அந்தக் குறியை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை.

சுடோதான் வழி என்றால், ஒரே ஒரு ஸ்கிரிப்டை முழுப் பாதையோடு அனுமதியுங்கள். பாதைக்குப் பின் வெற்று இரட்டை மேற்கோள் இட்டால் வெளியிலிருந்து எந்த மதிப்பையும் சேர்த்து அனுப்ப முடியாது. அந்த மதிப்பின் இடத்தில் நட்சத்திரக் குறி வேண்டாம்; அது இடைவெளியையும் சாய்கோட்டையும்கூட ஏற்றுக்கொள்ளும். சுடோவின் விதிக் கோப்பைத் திருத்துவதற்கு அதற்கென்றே உள்ள விசுடோ கட்டளையையே பயன்படுத்துங்கள், வரிகளின் அமைப்பில் உள்ள பிழையை அது பிடித்துவிடும்.

இவ்வளவு கவனமாக எழுதியவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் இணையதளக் கோப்புறையிலேயே கிடக்கும்! கோப்பின் உரிமையாளர் ரூட்டாக இருந்தாலும், கோப்புறையில் எழுதும் உரிமை உள்ளவன் அதை அழித்துவிட்டு அதே பெயரில் தன் கோப்பை வைத்துவிடலாம். ஆகவே கோப்பு, கோப்புறை இரண்டுமே ரூட்டுக்கு மட்டும் உரியவையாக இருக்க வேண்டும்.

என் விருப்பம் வேறு. பொத்தானை அழுத்தினால் இணையப் பக்கம் ஒரு வெற்றுக் கோப்பை மட்டும் உருவாக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், கோப்புகளைக் கண்காணிக்கும் பாத் யூனிட் அதைக் கவனித்து, ரூட் உரிமையில் ஒரு ஸ்கிரிப்டை இயக்கும். அந்த ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து படிக்காமலே அழித்துவிட்டு, எடைமேடை மென்பொருளை மறுபடி தொடங்கும். இணைய சர்வருக்கு சுடோ தேவையே இல்லை என்பதால், அதன் சிஸ்டம்டி அமைப்பில் ‘நோ நியூ பிரிவிலேஜஸ்’ (சுடோ போன்றவை வழியாகக் கூடுதல் அதிகாரம் பெறவிடாத தடை) என்பதையும் இயக்கிவிடலாம். 2011இல் சுடோவுக்குள் நுழைந்த ஒரு பிழை 2021 ஜனவரியில்தான் வெளிவந்தது. சுடோ அனுமதி இல்லாத சாதாரணப் பயனரும் அதைக்கொண்டு ரூட் ஆக முடிந்தது. இந்த அமைப்பு இருந்தால், இணையப் பக்கம் வழியாக நுழைந்தவனுக்கு அந்தப் பிழையும் உதவியிருக்காது.