ருபெல்லா: அரைகுறைத் தடுப்பூசி ஏன் ஆபத்து?

கல்யாணம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து பெயர் பதியும் குடும்பநல மாது மறக்காமல் கேட்பது: “ருபெல்லா ஊசி போட்டாச்சா?” மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைக் கேட்காத புதுமணப் பெண் குறைவு.

நோய் என்னவோ சாதுவானதுதான். இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறிகட்டு, மூன்று நாளில் மறையும் சிவப்புத் தடிப்பு. பலருக்கு அதுவும் தெரியாது. அம்மாள் வருத்தங்களோடு ஒன்றாகச் சேர்த்து மறந்துவிடுவார்கள்.

வயிற்றில் பிள்ளை இருந்தால் கதை வேறு. வைரஸ் தாயின் இரத்தத்தில் ஏறி, நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குள் போய், உயிரணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. கண், காது, இதயம் உருவாகும் முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது சிசுக்கள் வரை பாதிக்கப்படலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நோர்மன் கிரெக் தான் இதைப் பிடித்தார். கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வர, தாய்மாரை விசாரித்தார். அநேகமாக எல்லாருக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது.

சரி, குழந்தைகளுக்கு ஊசி போட்டால் போதாதா? இங்கேதான் சிக்கல். ருபெல்லா வந்த ஒருவர் சராசரியாக ஆறு பேருக்குப் பரப்புவார் என்று வையுங்கள். ஆறில் ஐந்து பேருக்கு எதிர்ப்புசக்தி இருந்தால்தான் பரவல் அடங்கும். பாதிப் பேருக்கு மட்டும் போட்டால் வைரஸ் ஒழியாது, மெதுவாகச் சுற்றும். ஐந்து வயதில் வந்து போகவேண்டிய நோய், ஊசி போடாத பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில், கர்ப்பத்தில் வரும். கிரேக்கத்தில் இதுவே நடந்தது. குறைந்த அளவில் பல வருடம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு, 1993இல் கொள்ளைநோய் பரவி, பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள்.

இலங்கை கெட்டிக்காரத்தனமாகத் தலைகீழாகத் தொடங்கியது. 1996இல் முதலில் 11 முதல் 44 வயது வரையான பெண்கள். 2001இல்தான் மூன்று வயதுப் பிள்ளைகள். இப்போது ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் ஒரே ஊசி). 2020இல் நாட்டில் ருபெல்லா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

வைரஸ் ஊரில் சுற்றிய காலத்தில், அது அடிக்கடி உடம்பில் பட்டு எதிர்ப்புசக்தியைப் புதுப்பித்துவிடும். வைகாசிக் குளிர்த்தித் திருவிழாவுக்குக் கண்ணகி கோயிலில் கூடும் கூட்டம் ஒன்றே போதும். இப்போது அந்த வாய்ப்பு இல்லை. அதனால் சின்ன வயதில் ஊசி போட்ட பெண்களின் இரத்தத்தில் பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், மெல்லக் குறைகிறது. பரிசோதனையில் ஒரு மில்லிலீட்டருக்கு 10 அலகுக்குக் கீழே வந்தால் பயந்துவிட வேண்டாம். வைரஸை நினைவில் வைத்திருக்கும் உயிரணுக்கள் பெரும்பாலும் மிச்சமிருக்கும், வைரஸைக் கண்டதும் பிறபொருளெதிரி உற்பத்தி மறுபடி தொடங்கும்.

போரிலும் 2004 சுனாமியிலும் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த குடும்பங்கள் கரையோரத்தில் ஏராளம். போட்டதா என்று தெரியாவிட்டால் இன்னொன்று போடுவதில் கெடுதல் இல்லை. மூட்டுகள் சில நாள் வலிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. கர்ப்பத்தில் போடமாட்டார்கள், போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும். தவறவிட்டவர்கள் பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பது தடையில்லை. அப்புறம், கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுவிட்டாலும் கலைக்க ஓட வேண்டாம். அப்படிப் போட்ட தாய்மாரை உலகெங்கும் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். ஊசியால் ஒரு பிள்ளைக்கும் ருபெல்லாவால் வரும் பிறவிக் குறைபாடு வந்ததாகத் தெரியவில்லை.