அசைலம்: புகலிடமா, அடைக்கலமா?

"அவர் அங்க போய் அசைலம் அடிச்சிட்டார்" என்பது புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வீடுகளில் சர்வசாதாரணமான பேச்சு. ஜெர்மனி, சுவிஸ் பக்கம் போனால் அதே சொல் அசூல் ஆகிவிடும். என் நாட்டில் எனக்கு உயிர் ஆபத்து, இங்கே இருக்க விடுங்கள் என்று இன்னொரு அரசிடம் கேட்பதுதான் விஷயம்.

சொல்லின் மூலம் கிரேக்கம். 'அ' என்றால் இல்லை, 'சூலே' என்றால் பிடிப்பது, பறிப்பது. அசூலோன் என்றால் யாரும் கை வைக்கக் கூடாத இடம். பெரும்பாலும் அது கோயில்தான். துரத்தப்பட்டவன் உள்ளே ஓடிப் பலிபீடத்தைப் பற்றிக்கொண்டால் அவனை வெளியே இழுக்கக் கூடாது. பிறகு லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

சட்டப் பொருளில் இதற்குச் சரியான தமிழ் புகலிடம். புகு, புகல், புகலிடம். கேட்பவர் புகலிடக் கோரிக்கையாளர். இவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று செய்திகளில் எழுதுவது தப்பு, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. புகலிடம் கேட்பது 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவிலேயே இருக்கிற உரிமை.

சரி, அரசு தராதபோது ஊரும் தேவாலயமும் தருகிறதே, அதற்கு என்ன பெயர்? நம்மிடம் அடைக்கலம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு: கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி, ஊருக்குப் புதிதாக வந்த கண்ணகியை மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்டு எல்லாம் முடிந்தபின், அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் விழுகிறாள். புகலிடம் என்றால் கேட்பவர் முகம்தான் முன்னால் வருகிறது, அடைக்கலம் என்றால் கொடுப்பவரின் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். விராஜ் மெண்டிஸ் சிங்களவர், தமிழர் பக்கம் நின்றவர், இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று 1986 டிசம்பரில் மான்செஸ்டரில் ஒரு தேவாலயத்துக்குள் போனார். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார், 1989 ஜனவரியில் போலீஸ் உள்ளே புகுந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு தேவாலயத்துக்குள் தங்கியிருந்த ஆர்மேனியக் குடும்பத்தை நாடு கடத்தவிடாமல் காக்க, 2018 அக்டோபர் முதல் 96 நாள், இரவு பகலாக, அங்கே வழிபாட்டை நிறுத்தவே இல்லை. வழிபாடு நடக்கும்போது போலீஸ் உள்ளே வரக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் நூற்றுக்கணக்கான போதகர்கள் முறை வைத்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தார்கள்.

தேவாலயம்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பிலோயலா என்ற சின்ன ஊர். புகலிடம் கேட்டு அங்கிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு கிறிஸ்மஸ் தீவில் அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, நாலு வருஷம் மனு, கூட்டம், வழக்கு என்று ஓடி, 2022 ஜூனில் அந்தக் குடும்பத்தை ஊருக்குத் திரும்ப வரவைத்தார்கள்.

ஒரு வேண்டுகோள். 2007இல் ஷெஃபீல்டு பிரிட்டனின் முதல் 'சிட்டி ஆஃப் சாங்சுவரி', அதாவது புகலிடம் தேடி வருபவர்களை வரவேற்கும் நகரம், ஆனது, பிறகு பல ஊர்கள் அந்தப் பெயரை ஏற்றன. இதைச் சரணாலய நகரம் என்று எழுதாதீர்கள். சரணாலயம் என்றதும் நமக்குப் பறவையும் மானும்தான் நினைவுக்கு வரும். அடைக்கல நகரம் என்றே எழுதலாம்.