மாதத்துக்கு ஒரு ஊசி: உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், மனச்சிதைவு என்ற மனநோய்க்காகச் சுகாதாரக் கிளினிக்கில் மாதம் ஒருமுறை இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் மனச்சிதைவு என்றால் 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைதான் கதி. இன்று பலரால் வீட்டோடு இருக்க முடிகிறது என்றால், அதற்கு இந்த ஊசியும் ஒரு காரணம்.

அப்படிப் போடப்படும் மருந்துகளில் ஒன்று ஹாலோபெரிடால். 1958இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. மூளையின் ஒரு பாதையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் அளவுமீறிச் செயல்படும்போது, இல்லாத குரல் கேட்கும், வீண் சந்தேகம் வரும். டோபமைன் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை இம்மருந்து மறைத்துக்கொள்கிறது. சுமார் 65 விழுக்காடு மறைந்தால் பலன் தெரியும். 80ஐத் தாண்டினால் உடம்பு விறைக்கத் தொடங்கும், ஏனென்றால் கைகால் அசைவை நடத்தும் பாதைக்கும் அதே டோபமைன்தான் வேண்டும்.

மாத ஊசியில் மருந்து ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்து நல்லெண்ணெயில் கரைந்திருக்கும். ஆமாம், நம் சமையலறை நல்லெண்ணெய்தான். அதனால் எள் ஒவ்வாமை உண்டா என்று தாதி கேட்பார். தோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, தசைக்குள் ஆழமாகப் போடுவார். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. அங்கிருந்து மருந்து சிறிது சிறிதாகக் கசியும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே முதலில் மாத்திரை கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

பக்கவிளைவுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அமைதியின்மை. உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். "மறுபடி ஆரம்பிச்சிடுச்சு" என்று வீட்டார் பயப்படுவார்கள். நோய் முற்றிவிட்டதென எண்ணி மருந்தைக் கூட்டினால் அவஸ்தை இன்னும் கூடும். நல்ல தாதி, "அண்ணே, உட்கார்ந்தா காலு ஓடணும்னு சொல்லுதா?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வி எத்தனையோ பேரைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இளைஞர்களுக்கு முதல் சில நாள்களிலேயே கழுத்து திருகி, கண் மேலே செருகிக்கொள்ளலாம். பேய் பிடித்ததென்று கோயிலுக்குத் தூக்கிப் போகாதீர்கள். கிளினிக்கில் அதை முறிக்கும் மருந்து போட்டால் விரைவில் சரியாகும். மாத ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டால் வாயும் நாக்கும் தானாக அசையலாம். மெதுவாக வருவது என்பதால் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

அப்புறம் காய்ச்சல். தோட்டத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கி என்றே நினைப்போம். ஆனால் ஊசி போடுகிறவருக்குக் கடும் காய்ச்சலோடு உடல் விறைப்பு, வியர்வை, குழப்பம் சேர்ந்தால், இம்மருந்தால் அரிதாக வரும் உயிராபத்தாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், "இந்த ஊசி போடுறோம்" என்று முதலில் சொல்லுங்கள். வெயிலில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனை இம்மருந்து குறைக்கும். நடுக்கத்துக்குத் தரும் பென்ஸ்ஹெக்ஸால் வியர்வையையும் குறைக்கும்.

ஊசியை நிறுத்தினாலும் சில வாரம் எதுவும் ஆகாது, உள்ளே மருந்து மிச்சம் இருக்கும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு ஊசி?" என்ற பேச்சு வீட்டில் எழுவது அப்போதுதான். குரல்கள் திரும்புவது அதற்குப் பிறகே. தேதி தவறிவிட்டால் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல், அன்றே கிளினிக்குக்குப் போன் செய்துவிடுங்கள்.