அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா?

காரைக்குடியில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், திருவாடானைப் பக்கமிருந்து வரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி பார்ப்பது இது. தூக்கமில்லை, நெஞ்சை அடைக்கிறது, ஈசிஜி எடுத்தாச்சு, எல்லாம் நார்மல் என்று வருவார்கள். பேச்சுக் கொடுத்தால் சில மாதங்களுக்கு முன்பு வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். "அழுதீங்களா?" என்று கேட்டால், "அழக்கூடாதுன்னுட்டாங்க சார்" என்பார்கள்.

சொன்னவர்கள் கேதம் கேட்க வந்தவர்கள்தான். "ஆண்டவருக்குப் பிடிச்சுப்போச்சு, எடுத்துக்கிட்டாரு", "விசுவாசி இப்படி அழலாமா?" கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அழுகிறவர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் வினை.

பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ஜிப் வைத்த பைபிள் உறைக்குள் மகனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு கோயிலுக்கே போகவில்லை. நடுப்பாதையைப் பார்த்தாலே பெட்டி வைத்திருந்த இடம்தான் கண்ணில் தெரிகிறதாம். ஏன் ஜெபம்கூடச் செய்வதில்லை என்றதற்கு, "எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல சார்" என்றார்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் இந்த வேலைக்கு வந்தபின் பைபிளில் சில பக்கங்களைப் படிக்க வேண்டியிருந்தது. லாசர் இறந்து நாலு நாள் கழித்து இயேசு வருகிறார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று லாசரின் சகோதரி மார்த்தா முகத்துக்கு நேரே கேட்கிறாள். இன்னொரு சகோதரி மரியாவும் அதையே கேட்கிறாள். அவர் திட்டவில்லை. லாசரை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும்முன் அழுகிறார். இதைச் சொன்னதும் அந்த அம்மா, "அந்தப் பொம்பள அப்படியா கேட்டுச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 13-ஆம் சங்கீதத்தையும் 88-ஆம் சங்கீதத்தையும் படிக்கச் சொன்னேன். முதலாவது, எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்ற கேள்வியோடு தொடங்குவது. இரண்டாவது, கடைசி வரியிலும் விடியாமல் இருட்டிலேயே முடிவது. கொஞ்ச நாளில் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார், பின்வாசல் ஓரமாக. அது போதும்.

பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதியதையும் பாதியாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார். துக்கமே படாதீர்கள் என்று எழுதவில்லை.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார். கடவுள் என் கூடவே இருக்கிறார் என்று பற்றிக்கொள்வது மனசைத் தாங்கும். என் பாவத்துக்கு அவர் கொடுத்த தண்டனை இது என்று நினைப்பது வேதனையைக் கூட்டும். இரண்டும் ஒரே வேதத்திலிருந்து வரலாம். எது உள்ளே போயிருக்கிறது என்று நான் கேட்டுப் பார்ப்பேன்.

தற்கொலைச் சாவு நடந்த வீட்டில் இந்தத் தண்டனை நினைப்பு கொடுமையாக இருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கு கிடையாது என்ற பழைய விதி இல்லை. அவர்களுக்காகவும் திருச்சபை ஜெபிக்கிறது. பங்குத்தந்தையிடமே கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலி, வருஷ நினைவு, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் எல்லாம் அழுவதற்கென்றே முன்னோர் ஒதுக்கிவைத்த நாட்கள் என்பேன். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். மெழுகுவர்த்தியை அவர்கள் கையாலேயே ஏற்றட்டும். கூட்டம் தாங்காது என்றால் முந்தின நாள் சாயங்காலம் போய் வாருங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் குறையாமல், வேலை, சமையல், குளியல் எல்லாம் நின்றுபோய்க் கிடந்தால் அது சிகிச்சை தேவைப்படும் துக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலும் அப்படித்தான் சொல்கிறது. மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடாதா என்பார்கள். லூக்காவைப் பிரியமான வைத்தியர் என்று பவுலே எழுதியிருக்கிறாரே!

அப்புறம், ஆறு மாதம் காத்திருக்கக் கூடாத ஒன்று. "பரலோகத்துல பார்ப்போம்" என்பது நம்பிக்கைப் பேச்சு. "என்னையும் சீக்கிரம் கூப்பிட்டுக்க மாட்டாரா" என்று தினமும் சொல்லி, சாப்பாட்டை ஒதுக்கி, நகையையும் பாஸ்புக்கையும் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தால் அது வேறு. கேட்பதற்குப் பக்திபோல இருப்பதால் வீட்டில் கண்டுகொள்ள மாட்டார்கள். தனியாக விடாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.