பெர்ம் லோஷனைத் திறப்பதற்கு முன்பு

பெர்ம், அதாவது ரசாயனம் போட்டு நீடித்து நிற்கும் சுருள் முடி, வேண்டும் என்று வருகிறவர்களின் முடி நுனியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவர்கள் கொண்டுவரும் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 30 சென்டிமீட்டர் நீள முடியின் நுனிக்கு வயது இரண்டரை. அதற்குள் பூசிய டை, செய்த ப்ளீச், ஸ்ட்ரெய்ட்டனிங் எல்லாவற்றையும் அந்த நுனி தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொரு ரசாயனத்தை ஏற்றலாமா என்பதுதான் கேள்வி.

வெட்டுவது, கலர் செய்வது என்று எல்லா வேலையும் செய்துகொண்டிருந்த என்னைப் பெர்ம் பக்கம் திருப்பியவர்கள், வேறு இடங்களில் பெர்ம் செய்து முடி நொறுங்கிப்போய் வந்தவர்கள். கெட்டுப்போன பகுதியை வெட்டிவிடுவதைத் தவிர அவர்களுக்கு யாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து முடிக்கு உறுதி தருபவை டைசல்பைடு பிணைப்புகள். பெர்ம் லோஷன் அவற்றில் ஒரு பகுதியை உடைக்கும். இளகிய முடி, அதைச் சுற்றியிருக்கும் ராடின் (சிறு உருளையின்) வளைவுக்கு ஏற்ப இடம் மாறும். நியூட்ரலைசர் வந்து பிணைப்புகளைப் புது இடத்தில் திரும்பக் கட்டும். ஏற்கெனவே பலவீனமான முடியில் உடைக்கும் வேலை எல்லை மீறிவிட்டால், கட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

1905-இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற சிகையலங்காரக் கலைஞர் தன் பெர்ம் முறையைக் காட்டியபோது, சூடேற்றிய கனமான பித்தளை உருளைகளைத் தலையில் தொங்கவிட்டார். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். சூடு இல்லாத 'கோல்டு வேவ்' 1930-களின் இறுதியில் வந்தது. 1940-களில் அம்மோனியம் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் பரவியது. இன்றும் பல லோஷன்களில் வேலை செய்வது அதுதான். சூடு போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். முன்பு கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து இப்போது லோஷனுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் சோதனைகளை நான் விடுவதே இல்லை. ஈரமான ஒற்றை முடியை மெதுவாக இழுப்பேன். நல்ல முடி நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். ரப்பர் போல நீண்டுகொண்டே போனாலோ, பட்டென்று அறுந்தாலோ அன்று பெர்ம் கிடையாது. சந்தேகம் இருந்தால் உட்பக்கத்திலிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, அதில் முழு முறையையும் செய்து பார்ப்பேன்.

சில விஷயங்களில் பேச்சுக்கே இடமில்லை. முடியை நேராக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் போட்ட முடியில் தயோகிளைகோலேட் லோஷன் போடக் கூடாது. அந்த ரிலாக்ஸர் உருவாக்கும் பிணைப்பை இந்த லோஷனால் உடைத்துத் திரும்பக் கட்ட முடியாது, முடிதான் அறும். உலோக உப்பு கலந்த டையும், அப்படிக் கலப்படமான மருதாணிப் பொடியும் நியூட்ரலைசரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து சூடாகி முடியைக் கெடுத்துவிடும். "ஒரே ஒரு தடவைதான் போட்டேன், அதுவும் போன வருடம்" என்பார்கள். போன வருடத்து முடி இன்னும் தலையில்தானே இருக்கிறது! தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது உங்களைக் குறை சொல்வதற்காக இல்லை.

இந்தத் தொழிலில் பெர்ம் பக்கம் வர விரும்பும் இளையவர்களுக்கு: முதலில் லோஷனே இல்லாமல், பயிற்சித் தலையில் வெறும் தண்ணீரில் சுற்றிப் பழகுங்கள். முடி நுனி மடங்காமல், அதன்மேல் சுற்றும் காகிதத்துக்குள் நேராக இருக்க வேண்டும். முடியை இழுத்து இறுக்கிச் சுற்றினால் சுருள் அழகாக வரும் என்பது தவறு. லோஷன் பட்டதும் முடி உப்பும், அதற்கு இடம் வேண்டும். ராடின் ரப்பர் வேர்ப்பகுதியை அழுத்தினால் அந்த இடத்திலேயே முடி முறியும்.

நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ராடைக் கொஞ்சம் அவிழ்த்து, தெளிவான வளைவு வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்ததும் ராடுகளோடே ஐந்து நிமிடமாவது நன்றாக அலசி, துண்டால் ஒற்றி எடுங்கள். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரம் மிஞ்சினால் நியூட்ரலைசர் நீர்த்துப்போகும், சுருள் சில நாட்களிலேயே தளர்ந்துவிடும். லோஷன் மிஞ்சினால் அது தொடர்ந்து முடியைத் தின்னும்.

அப்புறம் உங்கள் கைகள். ஆசிட் பெர்ம்களில் (அமிலத்தன்மை உள்ள லோஷன்களில்) உள்ள கிளிசரில் தயோகிளைகோலேட் நம் தொழிலில் பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்திருக்கிறது. லேடெக்ஸ் கையுறையை அது ஊடுருவும். பெர்ம் செய்த முடியிலும் பல வாரங்கள் தங்கியிருக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஒரு முறை போட்டதைத் திரும்பப் போடாதீர்கள். விரலிடுக்கில் அரிப்பு வந்தால் க்ரீம் தடவிச் சமாளிக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கும் ஒன்று. நெற்றியோரம் வைத்த பஞ்சு லோஷனில் நனைந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். தலையில் எரிச்சல் வந்தால், பெர்ம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த நிமிடமே சொல்லுங்கள், கழுவிவிடலாம்.