கடைக்குள் கேமரா: எதை எடுப்பது, எதை வெளியிடுவது

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புது மண்டபத்தை, லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-இல் படம் எடுத்திருக்கிறார். மெழுகேற்றிய தாளில் பதிவான அந்த நெகட்டிவ்களின் புண்ணியத்தில், திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபத்தின் தூண்களும் சிற்பங்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எப்படி இருந்தன என்பதை இன்றும் பார்க்க முடிகிறது. பிற்காலத்தில் அதே தூண்களின் இடுக்கில் தையல் மிஷினைப் போட்டு, சாமிக்குச் சாத்தும் துணிகளையும் சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவோர் அணியும் சல்லடங்களையும் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள், அவர்களுக்கு அண்டையில் இருந்த பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள், வளையல் கடைகள் எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்தைப் படமெடுத்தவர்கள் ஏராளம். ஆனால் நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவற்றில் கடை என்பது சிற்பத்தை மறைக்கும் இடைஞ்சலாகத்தான் ஓரத்தில் விழுந்திருக்கிறது.

கல்யாணப் படங்களும் விளம்பரப் படங்களும் எடுத்துப் பிழைக்கும் நான், சொந்த ஆர்வத்தில் மளிகைக் கடை, சலூன், டீக்கடை, சைக்கிள் கடை, மாவு மில் ஆகியவற்றின் உட்புறங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். இதே ஆர்வத்தோடு கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்பும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பதால், இந்த வேலையில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கு ஆவணமாகப் பயன்படப்போகும் விவரம் எதுவோ, பெரும்பாலும் அதுவேதான் இன்றைக்குக் கடைக்காரருக்குத் தொல்லை தரக்கூடிய விவரமாகவும் இருக்கிறது.

ஒரு மளிகைக் கடையின் கல்லாவைச் சுற்றி மட்டும் பாருங்கள். பொன்னிக்கும் இட்லி அரிசிக்கும் சாக்பீஸில் எழுதிய விலை, கயிற்றில் தொங்கும் ஷாம்பு பாக்கெட் சரம், நகைக்கடை கொடுத்த நாள்காட்டி, சாமி படத்துக்குக் கீழே யூபிஐ அட்டை, அதற்குப் பக்கத்தில் விரித்து வைத்த கடன் நோட்டு. இதில் எதை விட்டாலும் அந்தக் கடை அந்தக் கடையாக இருக்காது. ஆனால் கடன் நோட்டில் தெருவாசிகளின் பெயரும் பாக்கியும் இருக்கின்றன. தெருவில் ஒருவருக்கு இருநூறு ரூபாய் பாக்கி என்பது இணையத்தில் வெளியானால், மானம் போவது கடன் வாங்கியவருக்கு. வியாபாரம் போவது அண்ணாச்சிக்கு. யூபிஐ அட்டையை ஸ்கேன் செய்தால் பணம் கடைக்காரருக்குப் போகுமே தவிர அவரிடமிருந்து வராது என்றாலும், அதில் அவருடைய பெயரும் பல நேரங்களில் கைபேசி எண்ணும் வெளிப்படும். வாடகைக் கடை என்றால், நடைபாதை வரை இறக்கி வைத்த சரக்கு மூட்டைகூடக் கட்டட உரிமையாளரிடமோ மாநகராட்சியிடமோ அவருக்கு எதிரான சாட்சியாக மாறலாம்.

ஆகவே இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். எதையும் மறைக்காத முழுப் படம், கடைக்காரர் சம்மதித்தால் மட்டும், பூட்டி வைக்கும் சேமிப்புக்குப் போகிறது. வெளியிடும் படத்தில் கடன் நோட்டின் எழுத்துகள், யூபிஐ அட்டை, வாடிக்கையாளர் முகங்கள், குறிப்பாகக் குழந்தைகளின் முகங்கள் ஆகியவை தெரியாதபடி மங்கலாக்கப்படுகின்றன. கைபேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு பதிவாகியிருக்கலாம் என்பதால், அதையும் நீக்கிய பிறகே பதிவேற்ற வேண்டும். சில நண்பர்கள் படம் எடுக்கும் முன்பே நோட்டை எடுத்து வைக்கச் சொல்லி, மேசையைத் துடைத்து, கடையை ஒழுங்கு செய்துவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அது கல்யாண ஆல்பத்துக்குப் பொருந்தும், ஆவணத்துக்குப் பொருந்தாது.

அனுமதி கேட்பதற்கும் நேரம் காலம் உண்டு. போணி ஆகாத கடையின் முன் கேமராவோடு போய் நிற்கக் கூடாது. முதல் வியாபாரத்தைத் தடுத்த கை என்று அன்று முழுவதும் பேர் கேட்க நேரும். மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு போனால் பேச்சு தானாக வரும். "எந்த ஆபீஸ்ல இருந்து சார் வர்றீங்க?" என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. படத்தை எங்கே போடப்போகிறேன், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி நீக்கச் செய்யலாம் என்று விளக்கி, என் எண் அச்சிட்ட அட்டையையும் கொடுத்த பிறகே கேமராவை வெளியே எடுக்கிறேன். முதலாளி சரி என்று சொல்லிவிட்டால், தராசடியில் நிற்கும் பையனும் சரி என்று சொன்னதாகிவிடாது. அவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

தொழில்நுட்பம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூறில் ஒரு நொடி என்று வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். பாத்திரக் கடையில் ஃபிளாஷ் அடித்தால் எவர்சில்வர் முழுவதும் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். கடைக்குள் டிரைபாட் விரிப்பது வழியை அடைப்பது.

இவற்றைவிட முக்கியமானது குறிப்பு எழுதுவது. தேதி, தெரு, கடையின் வகை, எத்தனை தலைமுறையாக நடக்கிறது, அன்று என்ன விலை, கடைக்காரர் எதற்குச் சம்மதித்தார் என்பவற்றைப் படத்தின் கோப்புக்குள்ளேயே எழுதி வைத்தால்தான், கடை போன பிறகும் படம் பேசும். சென்னை கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. அதற்கு முந்தைய மண்டி ஒன்றின் படம் தேதியும் தெருவும் இல்லாமல் கிடைத்தால், அதை வைத்து ஆராய்ச்சியாளர் என்ன செய்ய முடியும்?

கடைசியாக உரிமை பற்றி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாத படத்தின் உரிமை எடுத்தவருக்கே சேரும். 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பின், எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். கடை யாருடையது, உழைப்பு யாருடையது என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. அதனாலேயே, சம்மதித்த பயன்பாட்டைத் தாண்டி விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ படம் போகும் நிலை வந்தால், கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டு, கிடைக்கும் தொகையில் அவருக்கும் ஒரு பங்கு பேசிவிடுகிறேன். எடுத்த படத்தின் அச்சுப் பிரதி ஒன்றை, பின்புறம் தேதி எழுதி, எல்லாக் கடைக்கும் கொடுக்கிறேன். எப்போதாவது நீக்கச் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றைக்கே நீக்கிவிடுகிறேன்.