ஆற்றோடு ஒட்டாத எல்லைக் கோடு

வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார்: "சார், பார்டர் கோடு ஆத்து மேல உட்காரல, தப்பா இருக்கு." போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி, அந்தப் புகார் வரும் முன்பே வேலையை முடித்துவிட்டான். டான்யூப் ஆற்றின் சாட்டிலைட் படத்தின் மேல் குரோஷியா - செர்பியா எல்லையைப் போட்டிருக்கிறான். கோடு ஆற்றை விட்டு விலகி, காட்டுக்குள் குதிரை லாடம் போல வளைந்து, திரும்பி வந்து ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக்கு ஓடுகிறது. டேட்டா பிழை என்று நினைத்து, ஒவ்வொரு புள்ளியாக மவுஸில் பிடித்து இழுத்து நடு ஆற்றில் வைத்துவிட்டான். ஒரு மத்தியானம் முழுக்கச் செய்த வேலை.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாடுகள் இன்னும் முடிக்காத வழக்கில், பையன் செர்பியா பக்கம் தீர்ப்பெழுதிவிட்டான்!

19ஆம் நூற்றாண்டில் டான்யூபின் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். ஆறு புது வழியில் போனது. நிலப் பதிவேட்டின் கோடு பழைய வளைவிலேயே நின்றுவிட்டது. இரண்டும் யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டுக்குள் இருந்தவரை அது பெரிய பிரச்சினையில்லை. உடைந்த பிறகு, பதிவேட்டுக் கோடுதான் எல்லை என்கிறது குரோஷியா. இன்று ஓடும் ஆற்றின் நடுதான் என்கிறது செர்பியா. கிழக்குக் கரை நிலத்துக்குத்தான் போட்டி. மேற்குக் கரையின் சில துண்டுகளையோ இருவருமே கேட்பதில்லை. கேட்டால் சொந்த வாதம் அடிபட்டுவிடும். அப்படிக் கிடந்த சுமார் 7 சதுர கி.மீ. துண்டில்தான் 2015இல் செக் நாட்டுக்காரர் ஒருவர் 'லிபர்லாந்து' என்று தனி நாடே அறிவித்தார்.

பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று புதுத் தடம் பிடித்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். கேட்க எளிது. அமெரிக்கா - மெக்சிகோ எல்லை ஆறான ரியோ கிராண்டே 1850களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவும், 1864 வெள்ளத்தில் வேகமாகவும் தெற்கே தள்ளிப்போனதில், மெக்சிகோவின் சுமார் 600 ஏக்கர் அமெரிக்காவின் எல் பாசோ நகரப் பக்கம் வந்துவிட்டது. 1864இல் நடந்தது மெதுவான மாற்றமல்ல என்று 1911இல் நடுவர் மன்றம் சொல்லியும் அமெரிக்கா ஏற்கவில்லை. 1963இல்தான் உடன்பாடு. அதன்படி ஆயிரக்கணக்கானோரைக் குடிபெயர்த்து, ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலில் அடக்கினார்கள்.

சண்டையில்லாமல் முடிந்ததும் உண்டு. மியூஸ் ஆற்றை நேராக்கியதில் பெல்ஜியத்தின் ஒரு துண்டு நெதர்லாந்துக் கரையில் மாட்டிக்கொண்டது. அங்கே போக பெல்ஜியப் போலீசுக்குப் படகு வேண்டியிருந்தது. 2018இல் நிலத்தை மாற்றிக்கொண்டார்கள்.

ஆகவே கோடு ஆற்றோடு ஒட்டவில்லை என்றால் மவுஸைத் தொடாதீர்கள். முதலில் ஒப்பந்தத்தைத் தேடுங்கள். எல்லை நடு ஆறா, ஆழமான படகுத் தடமா, எந்த வருடத்து ஆறு என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இந்திய எல்லை என்றால் இன்னும் கவனம். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்துக்கு மாறாக வெளி எல்லையைப் போட்டு வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு வழி இருக்கிறது.

தம்பியின் ஃபைலை ஒதுக்கிவிட்டு பேக்கப்பை எடுத்தோம். இரண்டு நாடுகள் சொல்லும் கோடுகளையும் புள்ளிக்கோடாகப் போட்டு, ஓரத்தில் 'தீராத எல்லை' என்று குறித்து அனுப்பினோம். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"சார், கோடு ரெண்டா தெரியுது. தப்பா இருக்கு."